எழுவாய் நாற்காலியில் ஒரு கிண்ணம்

அண்ணா,

நேற்று உன் கிண்ணங்களைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டுத்துணி விரித்து, ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் ஒரு குட்டி விளக்கு போட்டு, கல்யாணப் பெண்களைப் போல வைத்திருக்கிறார்கள். என்னிடம் படித்த ஒருத்தியின் மகளுக்குக் கல்யாண வரவேற்பு. ஊருக்குள் பெரிய ஓட்டல். "கூட்டம் குறையட்டும் டீச்சர், கொஞ்சம் உட்காருங்க" என்று முன்கூடத்து சோபாவில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போனார்கள். எனக்கு நேர் எதிரே அந்தப் பெட்டி இருந்தது.

முதலில் நான் நம்பவில்லை. நீலக்கோடு போட்ட வெள்ளைப் பீங்கான் உலகத்தில் எத்தனையோ இருக்கும். எழுந்து கிட்டே போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். கிண்ணத்தின் நடுவட்டத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு மீன். அதற்குக் கண் வைத்த சீனாக்காரனுக்கு என்ன அவசரமோ, கரும்புள்ளியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டான். மாறுகண். எல்லாக் கிண்ணத்திலும் அதே மாறுகண். அதைப் பார்த்ததும் உன் குரல் காதில் விழுந்தது. "பாரு பாப்பா, ஒரு கண்ணால வலையப் பாத்துகினு கீது, இன்னொரு கண்ணால நம்மளப் பாத்துகினு கீது. அப்பவும் மாட்டிக்கிச்சு பாரு!"

பக்கத்தில் ஒரு சின்னத் தாங்கியில் அட்டை வைத்திருந்தார்கள். ஆங்கிலம் மேலே, தமிழ் கீழே. "வங்கக் கடலில் மூழ்கிய பழங்காலக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட சீனப் பீங்கான் பாத்திரங்கள். மிகுந்த கவனத்துடன் பாதுகாக்கப்பட்டவை." அதற்கும் கீழே சின்ன எழுத்தில், தனியார் சேகரிப்பு.

அண்ணா, எனக்கு அங்கே வந்தது அழுகை இல்லை. ஆத்திரம்.

மீட்கப்பட்ட. யாரால்? பாதுகாக்கப்பட்ட. யாரால்? ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்குச் செய்வினையும் செயப்பாட்டுவினையும் சொல்லிக்கொடுத்தவள் நான். செய்வினையில் செய்தவன்தான் எழுவாய். செயப்பாட்டுவினையில் அவனுக்கு ஓர் 'ஆல்' சேர்த்து ஓரமாக நிறுத்திவிடலாம். அந்த 'ஆல்' இல்லாமலே எழுதினாலும் பிழையில்லை, வாக்கியம் நிற்கும் என்று நானே கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். செய்தவன் வாசலுக்கு வெளியே போய்விடுவான். செய்யப்பட்ட பொருள் எழுவாய் நாற்காலியில் ஏறிக் கால்மேல் கால் போட்டுக்கொள்ளும். திருடனுக்கு இதைவிட வசதியான இலக்கணம் எந்த மொழியிலும் இருக்காது.

அந்த நாற்காலி உன்னுடையது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

நீ துறைமுகத்தில் தினக்கூலிக்கு முங்குகிறவன். கப்பலுக்கு அடியில் சுற்றுகிற காற்றாடியில் கயிறு சுற்றிக்கொண்டால் கூப்பிடுவார்கள். நங்கூரம் அறுந்து விழுந்தால் கூப்பிடுவார்கள். மூச்சை இழுத்துக்கொண்டு கீழே போவாய், வேலையை முடிப்பாய், விர்ரென்று மேலே வருவாய். ராயபுரம் முழுக்க உன்னைவிட வேகமாக மேலே வருகிறவன் கிடையாது என்று உனக்குப் பெருமை. பெருமை நியாயமானதுதான். வெறும் மூச்சில் முங்குகிறவனுக்கு உள்ள ஒரே சட்டம், மூச்சு தீரும் முன்னே மேலே வந்துவிடு என்பதுதானே.

அங்கேயே நிரந்தர வேலையில் முங்குகிறவர்கள் வேறு மாதிரி. பித்தளைத் தொப்பி, ஈயச் செருப்பு, மேலே படகில் இரண்டு பேர் கைப்பம்பால் காற்று அடிப்பார்கள். அவர்கள் ஏறும்போது பாதியில் நிற்பார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா தொங்குவார்கள். அப்புறம் கொஞ்சம் ஏறுவார்கள், மறுபடியும் நிற்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்து நீ வீட்டில் நடித்துக் காட்டுவாய். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் தொங்குவாய். "கவர்மெண்ட்டு வேலைம்மா. சீக்கிரம் ஏறிட்டா இன்னொரு வேலை குடுத்துருவான்ல? அதான் பாதி வழில தூங்கிகினு வரானுங்க." அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நானும்தான் சிரித்தேன். அவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று ஒருவரிடமாவது நீ கேட்டிருக்கலாம். சோம்பேறித்தனம் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். நம் தெருவில் வேகம் என்றால் வீரம், நிதானம் என்றால் சம்பளத்துக்கு ஏமாற்றுவது. வேறு அர்த்தம் நமக்குத் தெரியாது.

முதல் கிண்ணம் வலையில்தான் வந்தது. உன் தோஸ்து சூசையின் படகு எண்ணூருக்கு நேர் கிழக்கே போனபோது வலை எதிலோ மாட்டிக் கிழிந்துவிட்டது. அறுத்து எடுக்க நீ போனாய். வரும்போது கையில் சிப்பி ஒட்டிய ஒரு கிண்ணத்தோடு வந்தாய். அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நீல மீன் வெளியே வந்தது. "பீங்கான்ல போட்டா உப்பு கசியாது" என்று சொல்லிக் கல்லுப்பைக் கொட்டி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அந்தக் கிண்ணம் அதற்கு முன் எத்தனை வருஷம் உப்புக்குள் கிடந்ததோ! அம்மா வீட்டிலும் அதற்கு உப்புதான் வாய்த்தது.

அதே இடத்தில் இன்னும் சில பேர் வலையிலும் தட்டும் கிண்ணமும் வந்தன. யாரோ ஒருவர் பாரிமுனைப் பக்கம் பழைய சாமான் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த வாரமே தெருவுக்குள் ஜீப் வந்தது.

அதில் வந்து இறங்கியவனுக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் பீங்கான் தொரை. வெள்ளைக்காரன் இல்லை, நம் ஊர் ஆள்தான். வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, புத்தகத் தமிழ். அம்மாவைக்கூட "அம்மா, வணக்கம்" என்று கும்பிட்டான். நம் தெருவுக்கு வந்து நம் அம்மாவைக் கும்பிட்ட முதல் செருப்புக் காலன் அவன்தான். அதிலேயே நீ விழுந்துவிட்டாய். அன்று சாயங்காலமே உன்னைக் கடற்கரைப் பக்கத்தில் மாதா சிலை வைத்த கெபிக்கு அழைத்துக்கொண்டு போய், மாதா பாதத்தில் உன் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறான். இடத்தையும் சொல்லக்கூடாது, எப்படி எடுக்கிறோம் என்பதையும் சொல்லக்கூடாது. அவனுக்கு மாதாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. நம்மைப் பற்றி நன்றாகத் தெரியும்.

எங்களிடம் நீ நங்கூரம் தேடுகிற வேலை என்று சொன்னாய். எண்ணூர்ப் புகைபோக்கியையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் பார்த்து இடம் பிடித்துப் படகை நிறுத்துவீர்கள் என்பதுகூட எனக்குப் பின்னால் சூசை சொல்லித்தான் தெரியும். காலையில் போய் வெயில் தாழ வருவாய். கொஞ்ச நாளில் முழங்கை வலிக்கிறது என்றாய். அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். மறுநாள் வந்து, "பூட்ச்சும்மா. தண்ணிக்குள்ள எறங்குனதும் வலி காணாமப் பூட்ச்சு. தொரைதான் சொன்னாரு, மறுக்கா கீய போடா, சரியாயிடும்னு. படா ஆளும்மா அவரு" என்றாய்.

மறுபடி கீழே போனால் வலி போய்விடும் என்று அவன் சொன்னான். அதை ஞாபகம் வைத்துக்கொள் அண்ணா. நான் இத்தனை வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

அந்த நாளும் வந்தது. நீ படகிலிருந்து நடந்துதான் இறங்கினாயாம். மணலில் கொஞ்ச தூரம் வந்து, பீடி பற்ற வைக்க உட்கார்ந்தாயாம். எழுந்திருக்க முடியவில்லை. சூசையும் இன்னும் இரண்டு பேரும் உன்னைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலில் நீ சிரிக்கப் பார்த்தாய். "இடுப்புக்குக் கீய ஒண்ணுமே இல்ல பாப்பா. யாரோ கயட்டி வெச்ச மாதிரி கீது" என்றாய். நான் உன் பாதத்தைக் கிள்ளினேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கிள்ளியது உனக்குத் தெரியவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. "தண்ணில முங்குனேன்" என்றாய். அவ்வளவுதான். எவ்வளவு ஆழம் என்று அவரும் கேட்கவில்லை. எதைச் சுவாசித்தாய் என்று யாருக்குக் கேட்கத் தோன்றும்? முங்குகிறவன் எதையும் சுவாசிக்க மாட்டான் என்றுதானே உலகம் நினைக்கிறது. நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள். "காத்து அடிச்சிடுச்சு."

கடலில் செத்தவர்களின் காற்று. கப்பலோடு போன எவனோ ஒருவனின் ஆவி. தெருவே ஒப்புக்கொண்டது. கோயில் எண்ணெயும் வந்தது, தர்கா தாயத்தும் வந்தது. நம் தெருவில் அதற்கெல்லாம் மதம் கிடையாது. நீ மட்டும் படுத்த இடத்திலிருந்து ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தாய். "என்னத் தண்ணில எறக்குங்க. இட்டுகினு போய்க் கீய வுடுங்க. சரியாப் பூடும். டேய் சூசை, நீயாவது சொல்லுடா." சூசையும் சத்தியம் செய்தவன். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

நீ தண்ணீர் கேட்கக் கேட்க அம்மாவுக்குப் பயம் கூடியது. "பாத்தியா, காத்து கூப்புடுது. கடலுக்கு இட்டுகினு போவப் பாக்குது." கடைசியில் நீ கையால் ஊர்ந்து வாசல் வரைக்கும் போய்விட்டாய். மாமாக்கள் வந்து உன்னை வலைக்கயிற்றால் கட்டிலோடு கட்டினார்கள். கட்டாதீர்கள் என்று நான் கத்தினேன். "நீ பட்ச்சவ. காத்து கருப்பப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்? சொம்மா கெட" என்றாள் அம்மா. மகன் கடலோடு போய்விடக் கூடாது என்று கட்டினாள். அந்த முடிச்சை எப்படித் திட்டுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை அண்ணா. திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

பீங்கான் தொரை வந்தது அந்தச் சாயங்காலம். அம்மா அப்போதுதான் மாதா படத்துக்கு விளக்கு ஏற்றியிருந்தாள். உள்ளே வந்தவன் கட்டிலைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை. குனிந்து உன்னிடம் மெதுவாக, "முதலில் எங்கே மரத்துப்போனது? பாதத்திலா, இடுப்பிலா?" என்று கேட்டான். டாக்டர் கேட்காத கேள்வி. அம்மா கேட்காத கேள்வி. தெரிந்தவன் மட்டும் கேட்கிற கேள்வி. நீ சொன்னாய். அவன் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு அம்மா பக்கம் திரும்பி, அந்தப் புத்தகத் தமிழில் சொன்னான்: "கடல் காற்றுதான் அம்மா. நல்ல மந்திரவாதி ஒருவரைத் தெரியும். என் ஜீப்பிலேயே அழைத்து வருகிறேன்."

"சார், என்னத் தண்ணில எறக்குங்க சார். நீங்கதான சொன்னீங்க!" என்று நீ அலறினாய்.

"பாவம். உளறுகிறான்" என்றான் அவன்.

அப்போதுதான் அவன் கண் அடுப்பங்கரைக்குப் போனது. உப்புக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டான். கட்டிலில் ஒருவன் கயிற்றை இழுத்துக்கொண்டு கிடக்கிறான், இவன் அவனைத் தாண்டிப் போய்க் உப்பை விரலால் ஒதுக்கி அடியில் இருக்கிற மீனைப் பார்க்கிறான். "அம்மா, இது என்னுடைய சேகரிப்போடு சேர வேண்டியது" என்றான். எவ்வளவு மரியாதை பார்!

அம்மா அவன் கேட்டால் தாலியைக்கூடக் கழற்றிக் கொடுக்கிற நிலைமையில் இருந்தாள். மகனுக்கு மந்திரவாதி கொண்டுவருகிற தெய்வம் அல்லவா! ஆனால் கிண்ணத்தை அவன் தூக்கப் போனதும் பதறிவிட்டாள். "ஐயய்யோ, வெக்காதீங்க கைய. வெளக்கு வெச்சாச்சு. வெளக்கு வெச்ச நேரத்துல உப்பு வூட்ட வுட்டுப் போவக் கூடாது."

"உப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. கொட்டிவிட்டுக் கிண்ணத்தை மட்டும்..."

"உப்பக் கொட்டுறதா? உயிர் ஊசலாடிகினு கீற வூட்டுல உப்பக் கொட்டச் சொல்றீங்களே, நீங்க நல்லாருப்பீங்களா?"

அவன் கையை எடுத்துக்கொண்டான். நம்மைப் பற்றி எல்லாம் தெரிந்தவனுக்கு இது தெரியவில்லை. காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று போனான். காலையில் வந்தபோது கிண்ணம் உடைந்துவிட்டது என்று நான் சொன்னேன். கிழிந்த வலைக் குவியலுக்கு அடியில் அது பத்திரமாக இருந்தது. அந்தப் பொய்யைச் சாமியாரிடம் சொல்லி நான் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை. செய்யவும் மாட்டேன்.

மந்திரவாதி வந்தான், வேப்பிலை அடித்தான், போனான். உன் கால் வரவில்லை. தொரை அப்புறம் நம் தெருப் பக்கமே வரவில்லை. வேறு ஊரிலிருந்து முங்குகிறவர்களைக் கொண்டுவந்தான் என்று கேள்விப்பட்டோம்.

அதற்கப்புறம் உனக்குக் கொஞ்ச வருஷங்கள் இருந்தன. வாசல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து வலை பின்னுவாய். முதுகில் புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது. அதற்குள் நான் வேலைக்குப் போய்விட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்துவேன். ஒருநாள் கேட்டாய், "இன்னா டீச்சரு, செவப்பு செவப்பா கிறுக்கிகினு கீற?"

"எழுவாய் எதுன்னு கேட்டா இதுங்க எதையோ எழுதி வெச்சிருக்குதுங்க அண்ணா."

"எயுவாயா? யாரு? நானா?" உன் காலைப் பார்த்தாய். "நான் இன்னாத்த எயுவேன்?"

நீதான் முதலில் சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வகுப்பில் அந்தச் சொல்லை எப்போது எழுதினாலும் என் கை ஒரு நொடி நிற்கும். பிள்ளைகள் நான் யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு மத்தியானம் நீயாகவே வாயைத் திறந்தாய். இடத்தைச் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னாய். படகில் ஒரு மிஷின் இருந்தது, லாரிப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற காற்று மிஷின். அதிலிருந்து ரப்பர் குழாய். குழாயின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு கீழே போவாய். சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? காதலியைப் பற்றிச் சொல்கிற முகம்.

"மூச்சு வுடலாம் பாப்பா, தண்ணிக்குள்ள! நம்ம வூட்டுக்குள்ள குந்தினு கீற மாதிரி. மூச்சு முடியப்போவுதேன்னு பயமே இல்ல. அங்க பாத்திரமெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வெச்சுகீது. கல்யாணப் பந்திக்கு எட்த்து வெச்ச மாதிரி. ஒருத்தன்கூட அதுல சாப்புட்டதில்ல. மண்ணத் தள்ளுனா பளபளன்னு கீது. பாவமா இருக்கும் எனக்கு. இத்தினி அயகா பண்ணி, ஒரு வாய் சோறுகூட வாங்காம கெடக்குதேன்னு."

"மேல எப்படி வருவே?" என்றேன்.

"எப்பவும் வர்றாப்பலதான். சும்மா விர்ருனு."

அப்போது எனக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இந்த மிஷினைப் பற்றி ஏன் சொல்லவில்லை? நீ என்னை ஆச்சரியமாகப் பார்த்தாய். "மாதா மேல கை வெச்சு சத்தியம் பண்ணிட்டேனே பாப்பா."

உன்மேல் எனக்குள்ள கோபம் இதுதான் அண்ணா. அன்றைக்குக் கத்தினேன், பரீட்சைத் தாளை எல்லாம் வீசினேன். இன்றைக்கும் கத்துகிறேன். எந்த மாதா உன்னிடம் காலைக் கேட்டாள்? பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறவள், அவளே கெபியிலிருந்து இறங்கி வந்து, டாக்டர்கிட்டச் சொல்லித் தொலைடா என்று உன் மண்டையில் குட்டியிருப்பாள். சத்தியம் கேட்டவனுக்கு மாதா ஒரு பூட்டு. சாவியை நீ அவன் கையில் கொடுத்துவிட்டாய். நம் ஆட்களுக்கு வாக்கு என்றால் உயிர் என்று பெருமையாகப் பேசுகிறார்கள். யாரிடம் கொடுத்த வாக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை.

நீ போன பிறகு, உன் அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பும்போது, சூசை கல்லறைச் சுவரோரம் என்னை நிறுத்தினான். அந்தச் சத்தியம் அவனுக்கு உள்ளே அழுகிக்கொண்டிருந்தது. பாத்திரங்களை எப்படி மேலே ஏற்றினார்கள் என்று சொன்னான். கீழே நீ கூடையில் வைக்கோல் போட்டு அடுக்குவாயாம். படகில் தொரை குடை பிடித்து நின்றுகொண்டு கயிற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பானாம். "மெதுவாக. மெதுவாக இழு. நிறுத்து. ஆடாமல் நிற்கட்டும். இப்போது இழு." பாதியில் நிறுத்தி, நிறுத்தி, ஒரு கீறல் விழாமல் கூடை மேலே வருமாம். மேலே வந்ததும் திருவொற்றியூர்க் கிடங்கில் தொட்டி தொட்டியாக நல்ல தண்ணீர். உப்பு மெதுவாக இறங்க வேண்டும், அவசரப்பட்டால் மேல்பூச்சு உரிந்துவிடும் என்று நாள்தோறும் தண்ணீர் மாற்றுவானாம். நம் தெருக் குழாயில் ஒரு குடத்துக்கு முடியைப் பிடித்துக்கொண்டு சண்டை நடந்த காலம் அது. கிண்ணங்கள் லாரித் தண்ணீரில் குளித்தன.

"உன் அண்ணன் ஏறும்போது தொரை ஒரு வார்த்த சொல்லல டீச்சர்" என்று சூசை அழுதான். "கூடைக்கு சொன்னான். அவனுக்கு சொல்லல."

இதைவிட நான் என்ன சொல்ல? கூடைக்குச் சொன்னான், உனக்குச் சொல்லவில்லை. என் ஆத்திரம் முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

வெகுகாலம் கழித்து என்னிடம் படித்த ஒருத்தி டாக்டராகி, கடலடியில் வேலை செய்கிறவர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்க வந்தபோது உன் கதையைச் சொன்னேன். அவள் விளக்கினாள். ஆழத்தில் குழாய்க் காற்றைச் சுவாசித்தால் அது ரத்தத்தில் கரைந்து இருக்குமாம். மெதுவாக, நின்று நின்று ஏறினால் வந்த வழியே போய்விடும். அவசரமாக ஏறினால் கோலி சோடாவைப் படாரென்று உடைத்த மாதிரி உள்ளேயே பொங்கும். பொங்கிய குமிழி நரம்பில் போய் அடைத்தால் கால் போகும். மறுபடி ஆழத்துக்குப் போனால் குமிழி அமுங்கி வலி அடங்கும், அதனால்தான் முழங்கை வலி போயிற்று என்றாள்.

"அப்போ அவன் தண்ணில இறக்குங்கன்னு கேட்டது?"

"இறக்கியிருந்தா பிழைச்சிருப்பாருன்னு நான் சொல்ல முடியாது டீச்சர். அதுலயும் ஆபத்து இருக்கு. அழுத்த அறையில வெச்சிருக்கணும். ஆனா அவர் உளறல. சரியானதைத்தான் கேட்டிருக்காரு." பிறகு, "உங்கம்மா சொன்னதும் ஒரு விதத்துல சரிதான் டீச்சர். காத்துதான் அடிச்சிருக்கு" என்றாள்.

காத்துதான். ஒரே சொல். குழாயில் போனதும் காத்து, ரத்தத்தில் பொங்கியதும் காத்து, அம்மா கட்டிலில் கட்டி வைத்ததும் காத்து. எந்தக் காத்து என்று தெரிந்த ஒருவன் அன்றைக்கு வீட்டுக்குள் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டு நின்றான். அம்மாவின் சொல்லையே எடுத்து அம்மாவின் கண்ணைக் கட்டிவிட்டுப் போனான். கிண்ணங்களுக்கு விளக்கு போட்டிருக்கிறார்கள், அவனுக்கு எங்கே என்ன போட்டிருக்கிறார்களோ தெரியாது. நன்றாக வாழ்ந்து, பெரிய வீட்டில், மூச்சு சீராக இருக்கும்போதே செத்திருப்பான். அப்படித்தான் நடக்கும். அதை நினைத்தால் எனக்கு ஜெபம் வருவதில்லை.

உப்புக் கிண்ணம் இப்போது என் வீட்டு அடுப்பங்கரையில் இருக்கிறது. இன்றைக்கும் அதில் கல்லுப்புதான். பேரன் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, இது ரொம்ப விலை போகும், கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்கிறான். நீ பாவம் பார்த்த கிண்ணம் அது அண்ணா. நம் வீட்டில்தான் அதற்கு வேலை கிடைத்தது. தினமும் ஒரு கை அதற்குள் போகிறது. நான் இருக்கும்வரை அது அலமாரிக்குப் போகாது.

நேற்றைய கதையை முடிக்கிறேன். பையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் அதை எடுத்து வெளியே வைக்கத் தோன்றவில்லை. அட்டையை எடுத்தேன். 'மீட்கப்பட்ட' என்பதை அடித்தேன். மேலே உன் முழுப் பெயரை, ஞானஸ்நானப் பெயரோடு, நம் தெருப் பெயரோடு எழுதினேன். அதன் பக்கத்தில் 'மீட்ட' என்று எழுதினேன். 'மிகுந்த கவனத்துடன்' என்ற இடத்தில் கேள்விக்குறி போட்டேன். ஓரத்தில் பழக்க தோஷத்தில் 'செய்வினையில் எழுதுக' என்றும் எழுதிவிட்டேன். பட்டுப்புடவை கட்டிய கிழவி இப்படிச் செய்வதைப் பார்த்து இரண்டு பேர் போனை நீட்டினார்கள். நீட்டட்டும்.

காவலாளி ஓடி வந்தான். காசிமேட்டு ஆள், வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. "இன்னா பெரீம்மா, கார்டுல கிறுக்கினு கீற? மேனேஜர் பாத்தா என் வேல பூடும்!"

"கிறுக்கலப்பா. திருத்துறேன்" என்றேன். "படி."

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். உன் பெயரை வாய்விட்டுப் படித்தான். அந்தப் பெரிய கூடத்தில், அத்தனை விளக்குக்கு நடுவில், கிண்ணங்களுக்கு முன்னால் முதல் தடவையாக ஒருவன் உன் பெயரைச் சொன்னான். "யாரு இது?" என்றான்.

"எழுவாய்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் அட்டையைக் கசக்கவில்லை, இருந்த இடத்திலேயே வைத்தான். இந்நேரம் மேனேஜர் பார்த்திருப்பார், புது அட்டை அச்சடிக்கச் சொல்லியிருப்பார். அச்சடிக்கட்டும். அந்தக் கூடத்துக்குள் போக ஒரு கல்யாணப் பத்திரிகை போதும், என்னிடம் படித்தவர்கள் வீட்டில் இன்னும் நிறையப் பெண்கள் இருக்கிறார்கள். பேனா பையில்தான் இருக்கிறது.